ராப் ஒலிநாடாக்களும் பாட ஆராய்ச்சியும்

முன்னுரை

ஒரு பாட்டின் உண்மைப் பாடம் யாது என்னும் வினா, ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகிய தமிழாய்வாளர்க்குப் புதியதன்று. ஆயினும் அவ்வினா பனையோலைக்கு மட்டுமே உரியது என்று கருதிவிடலாகாது. அச்சும் வானொலியும் மலிந்த நியூயார்க் மாநகரிலேயே, வாய்மொழியாய்த் தோன்றிப் பல்லாண்டுகள் ஒலிநாடாவில் மட்டும் உயிர் தாங்கி நின்ற ஒரு பாட்டுவகை உண்டு. அதுவே ராப் எனப்படுவது. தாளத்தின்மேல் இயைபுத் தொடைகளை அடுக்கி விரைந்து உரைக்கும் இப்பாட்டு, இசைத்தட்டுச் சுழற்றுதல், நடனம், சுவரோவியம் என்பவற்றோடு கூடி ஹிப் ஹாப் என்னும் பொதுப்பெயர் பெறும்.

அரிய ராப் நாடாக்களையும் பழைய வானொலி நிகழ்ச்சிகளின் பதிவுகளையும் தேடித் தொகுத்துத் தம்முள் பகிர்ந்துகொள்வோர் இன்று பல நாடுகளிலும் உளர். அவர்தம் பணியை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுவாரும், பிறர் பொருளைக் கவர்தல் என்று பழிப்பாரும் உண்டு. அப்பணி இல்லையேல் இப்பாட்டைப் பற்றிய திறனாய்வே நிலைபெறாது என்பதும், எனினும் அது நடைபெறும் முறையில் ஒரு பெருங்குறை உண்டு என்பதும் ஈண்டுக் காட்டப்பெறும்.

1. இசைத்தட்டுக்கு முந்திய ஆறாண்டுகள்

1973 ஆகஸ்டு 11-ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில் ஒரு விருந்து நடந்தது. சமைக்கா நாட்டில் பிறந்து அந்நகருக்குக் குடியேறிய கூல் ஹெர்க் என்பார் அவ்விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஹிப் ஹாப் வரலாற்றைத் தொடங்குவோர் பெரும்பாலும் அந்நாளையே தொடக்கமாகக் கொள்வர். சுகர்ஹில் கேங் குழுவினரின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்னும் இசைத்தட்டு வெளிவந்ததோ 1979-இல். இடைப்பட்ட ஆறாண்டுகளும் பாட்டு இல்லாத காலம் அல்ல. தட்டு இல்லாத காலம். அக்காலத்துப் பாட்டை அறியும் வாயில்கள், கேட்டோர் நினைவும், விருந்துகளில் பதிந்து கைக்குக் கை மாறிய நாடாக்களுமே ஆகும்.

இசைத்தட்டே முதற்பாடம், நாடாக்கள் அதற்குப் பின்னிற்கும் துணைச்சான்றுகள் என்பாரும் உளர். அவர் கொள்கை, முற்கூறிய தட்டினாலேயே மறுக்கப்படுகின்றது. அதன்கண் பிக் பேங்க் ஹேங்க் என்பார் பாடும் பகுதியில், தமக்கு உரியதல்லாத ‘கேசனோவா’ என்னும் பெயரைத் தம் பெயர்போல எழுத்துக்கூட்டிச் சொல்கிறார். அஃது அவருக்குப் பாட்டுக் கொடுத்த கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்னும் பிராங்ஸ் பாவலரின் பழைய புனைபெயர். தட்டில் கேஸின் பெயர் ஆசிரியர் பெயராக இடம்பெறவில்லை. எனினும் படியெடுத்தவர் மாற்ற மறந்த ஒரு சொல், ஆக்கியோன் யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஆகவே உலகம் முதல் நூலாக எண்ணிய தட்டு, ஒரு பகுதியளவிலேனும், வழி வந்த படியே என்பது அகச்சான்றால் தெளிவாகும்.

2. நாடா ஒன்றே சான்றாகும் இடம்

தட்டுகள் வெளிவரத் தொடங்கிய பின்னும் நாடாவின் முதன்மை குறைந்ததில்லை. 1981 திசம்பரில் ஹார்லம் வேர்ல்டு என்னும் அரங்கில் பிசி பீ, கூல் மோ டீ என்னும் இருவர்க்கிடையே நடந்த போட்டி இதற்குத் தக்க சான்று. பிசி பீ கூட்டத்தைக் கூவச்செய்து, தம் பெயரை எதிரொலிக்கச்செய்து மகிழ்விக்கும் நெறியில் வல்லவர். அவர்க்குப்பின் மேடையேறிய கூல் மோ டீ, அந்நெறியையே குற்றமாக எடுத்து, எதிராளியின் புலமைக் குறைகளை ஒவ்வொன்றாகச் சுட்டி நெடிது பாடினார். விருந்தினரை ஆடச்செய்தல் ஒன்றே பாட்டின் பயன் என்ற நிலை மாறி, சொல்லாட்சியே பாவலனை அளக்கும் கோல் என்ற நிலை தோன்றியதற்கு இப்போட்டியை எல்லையாகக் கூறுவர்.

இப்போட்டி இசைத்தட்டுக்கெனப் பாடப்பெற்றதன்று. நாடா படிமேற் படியாகப் பெருகியதனாலேயே அதன் புகழ் அரங்கிற்கு அப்பால் பரவியது. அதனைக் கேட்குங்கால், பாட்டோடு கூட்டத்தின் ஆரவாரமும் ஒருங்கே கேட்கின்றது. எவ்வடியில் கூட்டம் வியந்தது, எங்குச் சிரித்தது என்பன எல்லாம் அதனுள் அடங்கியுள்ளன. இரைச்சல் என்று ஒருவர் இதனை வடிகட்டி நீக்கிவிடின், வெற்றி யாருக்கு என்பதற்கான சான்றையே நீக்கியவர் ஆவார். சொற்கள் மட்டும் எஞ்சும், போட்டி எஞ்சாது.

3. வானொலி இரவுகள்

விருந்து அரங்கினின்று வானொலிக்கு இப்பாட்டு சென்ற வழியும் நாடாவின் வரலாற்றோடு பிணைந்ததே. நியூசெர்சி மாநிலத்து நூவர்க் நகரின் உரிமம் பெற்ற டபிள்யூ.எச்.பி.ஐ. நிலையம், ஒலிபரப்பு நேரத்தை விலைக்கு விற்கும் வழக்கமுடையதாயிருந்தது. மிஸ்டர் மேஜிக் என்பார் அந்நிலையத்தில் ராப் நிகழ்ச்சி நடத்தி, 1982-இல் பெருநிலையமாகிய டபிள்யூ.பி.எல்.எஸ்.-இற்குச் சென்றார். ஆங்கு ‘ராப் அட்டாக்’ என்னும் நிகழ்ச்சியில் மார்லி மார்ல் தட்டுச் சுழற்றினார். 1983 முதல் கூல் டி.ஜே. ரெட் அலர்ட் எதிர்நிலையமாகிய 98.7 கிஸ்-இல் தம் நிகழ்ச்சியை நடத்தலானார். இவ்விரு நிலையங்களின் போட்டியை அறியாதார்க்கு, 1987-இல் பூகி டவுன் புரொடக்சன்ஸ் குழுவினர் வெளியிட்ட ‘தி பிரிட்ஜ் இஸ் ஓவர்’ போன்ற வசைப்பாட்டின் பொருள் முழுதும் விளங்காது.

இந்நிகழ்ச்சிகளை மக்கள் எவ்வாறு கேட்டனர் என்பதற்குப் பாட்டிலேயே சான்று உண்டு. தி நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1994-இல் பாடிய ‘ஜூசி’ என்னும் பாட்டில் தம் இளமையை நினைவுகூருங்கால், சனிக்கிழமைதோறும் ‘ராப் அட்டாக்’ கேட்டதையும், தம் நாடாவை அது பழுதாகும் அளவும் ஓடவிட்டதையும் குறிக்கின்றார். ஒலிநாடாவே அவருக்குப் பள்ளியாகவும் நூலாகவும் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவற்றிற்குப்பின் தோன்றியது கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் நிலையமாகிய டபிள்யூ.கே.சி.ஆர். 89.9-இல் ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா ஆகிய இருவரும் 1990 முதல் 1998 வரை நடத்திய நிகழ்ச்சி. இரவு 1 மணி முதல் விடியல் 5 மணி வரை அது நடைபெற்றது. இசை நிறுவனங்களின் ஒப்பந்தம் பெறாத இளைஞர் பலர் ஆங்கு வந்து பாடினர். 1995-இல் பிக் எல், ஜே-ஸீ ஆகிய இருவரும் ஆங்கு மாறிமாறிப் பாடிய பதிவு பெரிதும் போற்றப்படுவது. ஜே-ஸீயின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது 1996-இல். ஆகவே நிறுவனப் புகழ் சேருமுன் அவர்தம் குரலும் நடையும் இருந்த நிலைக்கு இப்பதிவு சான்றாகின்றது. பிக் எல்லோ 1999 பிப்ரவரி 15-இல், தம் 24-ஆம் அகவையில், சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் வாழ்நாளில் தாமே வெளியிட்ட இசைத்தொகுப்பு ஒன்றே. அவர்தம் புலமையை முழுதும் அளக்க விரும்புவார், அவ்வொன்றோடு நில்லாமல் வானொலி நாடாக்களையும் நாடியே ஆகவேண்டும். அவர் மறைவுக்குப்பின் 2000-இல் வந்த ‘தி பிக் பிக்சர்’ தொகுப்பில் ‘98 ஃப்ரீஸ்டைல்’ என்னும் வானொலிப் பாட்டே ஓர் உறுப்பாகச் சேர்க்கப்பெற்றது. ஈண்டு ஒலிபரப்பு மூலமாகவும், தட்டு அதன் படியாகவும் நிற்பது காண்க.

4. இருவகை வேறுபாடு

இனி, இக்கட்டுரையின் தலையாய கருத்துக்கு வருவோம். நாடாக்களில் காணப்படும் பாடவேறுபாடுகள் இருவகையின. ஒன்று, படியெடுத்தாரால் நேர்வது. மற்றொன்று, பாடினாரால் நேர்வது. முன்னையது பிழை, பின்னையது படைப்பு. இரண்டையும் வேறுபிரித்தல் திறனாய்வாளன் முதற்கடமை.

படியெடுத்தாரால் நேரும் வேறுபாட்டை முதற்கண் காண்போம். 90 நிமிட நாடாவின் ஒரு பக்கம் 45 நிமிடமே ஓடும். நான்கு மணி நேர நிகழ்ச்சியைப் பதிய ஆறு பக்கங்கள் வேண்டும். ஐந்துமுறை திருப்பவோ மாற்றவோ வேண்டும். விடியற்காலையில் கேட்போர் கண்ணயர்ந்துவிடின் நாடா நின்றுவிடும்; பாட்டின் நடுவே பள்ளம் விழும். நாடாவினின்று நாடாவுக்குப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் ஏறும். உயர் அதிர்வுடைய ஒலிகள் தேயும். ஆங்கிலத்தில் பன்மை காட்டும் ஸகர ஒலி இவ்வாறு தேயும் ஒலிகளுள் ஒன்று. மூன்றாம் நான்காம் படியைக் கேட்டுச் சொற்களை எழுதுவார் பன்மையை ஒருமையாகக் கொள்வதற்கும், ஒரு சொல்லை மற்றொன்றாக மயங்குவதற்கும் இதுவே காரணம். பதியும் கருவி விரைந்தோ தாழ்ந்தோ ஓடின், குரலின் சுருதியே மாறிவிடும். கணினிக் கோப்பாகச் சுருக்குங்காலும் இத்தகைய தேய்வு நேர்வதுண்டு.

பாடினாரால் நேர்வது இதனின் வேறு. ஒரே பாவலர் ஒரே அடிகளை ஈரிரவுகளில் ஈரிடங்களில் பாடுங்கால் சொல் மாற்றுவார், வரிசை மாற்றுவார், எதிரே இருப்பார் பெயரை நுழைப்பார். ‘ஃப்ரீஸ்டைல்’ என்னும் சொல் ஒருகாலத்தில் குறித்த பொருள் பற்றாது முன்னரே புனைந்த பாட்டைக் குறித்தது. பின்னர் அப்போதைக்கப்போது பாடும் ஆசுகவியையும் குறிக்கலாயிற்று. ஒரு பாட்டு எவ்வகையது என்பதைப் பாடினார் கூற்றைக்கொண்டு துணிதல் அரிது. வெவ்வேறு இரவுகளின் நாடாக்களை ஒப்பிட்டு, அதே அடிகள் மீண்டும் வருமாயின் முன் புனைந்தது எனத் துணியலாம்.

இவற்றிலிருந்து ஒரு விதி பெறப்படும். ஓரிரவைப் பதிந்த இரு நாடாக்கள் வேறுபடின், அவ்வேறுபாடு படியெடுத்தாரது. ஒருவர் நாடாவில் விழுந்த பள்ளத்தை மற்றவர் நாடாகொண்டு நிரப்புதல் தகும். ஈரிரவுகளின் நாடாக்கள் வேறுபடின், அவ்வேறுபாடு பாவலனது. ஒன்றைக்கொண்டு மற்றதைத் திருத்துதல் தகாது. ஏட்டு ஆராய்ச்சியில் பல படிகளுக்கும் மூலமாகிய ஒரு பாடத்தைத் தேடுகிறோம். ராப் பாட்டில் ஒவ்வோர் இரவும் தனி மூலம். அவற்றையெல்லாம் கலந்து ஒரு ‘திருந்திய பாடம்’ சமைப்பார், எவ்விரவிலும் எவரும் பாடாத பாட்டைச் சமைத்தவர் ஆவார்.

5. பகிர்வார் செய்யும் பிழை

மேற்கூறிய விதி பயன்பட வேண்டுமாயின், இந்நாடா எவ்விரவுக்கு உரியது, எத்தனையாவது படி என்பன தெரிதல் வேண்டும். பகிர்வோர் பலர் தவறுவது இவ்விடத்திலேதான். அவர்கள் நான்கு மணி நேரப் பதிவினின்று புகழ்பெற்ற பாவலரின் சில நிமிடப் பகுதியை வெட்டி எடுத்து, நடத்துநர் பேச்சு, விளம்பரம், நிலைய அறிவிப்பு என்பவற்றை உமியென எறிந்துவிடுகின்றனர். அவ்வுமியினுள் விதையும் போய்விடுகின்றது. அமெரிக்க வானொலி விதிப்படி ஒவ்வொரு நிலையமும் மணிக்கொருமுறை தன் அடையாள எழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரையும் அறிவித்தல் வேண்டும். மேலெழுத்து இல்லாத நாடாவின் நிலையத்தை அறிய அவ்வறிவிப்பே போதும். வரவிருக்கும் இசைநிகழ்ச்சி பற்றிய குறிப்பு, புதிது என்று அறிமுகமாகும் தட்டின் பெயர் என்பவை ஆண்டையும், ஒரோவழி வாரத்தையும் காட்டும். இவற்றை இழந்த துண்டு, பாயிரமும் கையறமும் கிழிந்த ஏட்டை ஒக்கும்.

அருமை ஒன்றே பெருமை எனக் கருதி, நாடாவைப் பிறர் கேளாதவாறு மறைத்துவைப்பாரும் உளர். மூலநாடாவைக் கெடாமற் காத்தல் நன்றே. ஆயின் ஒரே படி ஒருவர் வீட்டில் இருத்தல் காப்பாகாது. நாடாவின் பூச்சு காலப்போக்கில் சிதையும். மேலும், அரியதெல்லாம் சிறந்ததன்று. பல மணி நேரப் பதிவில் தளர்ந்த பாட்டும் உண்டு, வெறும் கூச்சலும் உண்டு. யாவரும் கேட்கக் கூடுமாயின்தான் சிறந்தது இது, அல்லது இது என்று தேர்தல் கூடும். மறைந்து கிடக்கும்வரை அது புகழப்படுமேயன்றி ஆராயப்படாது.

களவு என்னும் பழியைப் பற்றியும் ஒரு சொல். பாடியவரோ அவர் வழியினரோ பயன்பெறாமல், பிறர் நாடாவைப் படியெடுத்து விற்றுப் பொருள் ஈட்டுதல் பழிக்கத்தக்கதே. பாவலர் தம் இளமைப் பாட்டை வெளியிட வேண்டா எனின் அவர் விருப்பமும் மதிக்கத்தக்கது. ஆனால் பயன் கருதாது, மூலம் இன்னது என்று அறிவித்துக் கேட்கக் கொடுப்பாரை விற்பாரோடு ஒருங்குவைத்து எண்ணுதல் முறையன்று. கேஸின் பெயரை மறைத்தது அச்சிட்ட தட்டு. கைக்குக் கை மாறிய நாடா அன்று.

முடிவுரை

கார்னெல் பல்கலைக்கழகம் 2007-இல் ஹிப் ஹாப் தொகுப்பு ஒன்றை நிறுவியதும், அதனையொத்த பிற முயற்சிகளும், இப்பாட்டு கல்வித்துறையுள் இடம்பெற்றதைக் காட்டும். ஆயினும் அத்தகைய நிலையங்கள் தோன்றுமுன், உறக்கம் விழித்து, 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாடாவைத் திருப்பிய இளைஞர்களே முதற் பதிப்பாசிரியர்கள். தாம் பதிப்பிக்கிறோம் என்பதை அவர்கள் அறியார். அவர்கள் காத்ததை இன்று பகிர்வார் அதனை அறிந்து செய்தல் வேண்டும். பதிவை வெட்டாது முழுமையாகத் தருதல், யாரிடமிருந்து எத்தனையாவது படியாக வந்தது என்று எழுதிவைத்தல், தெரிந்த நாளையும் ஊகித்த நாளையும் வேறுவேறாகக் குறித்தல் ஆகிய மூன்றும் அவர் கடமை. இம்மூன்றும் அமையின், பாவலன் மாற்றியது இது, நாடா மாற்றியது இது என்று பின்வருவார் தெளிவர். அமையாவிடின், 24 அகவையில் மறைந்த ஒருவன் பாடிய சொல் எது என்பதை, நூறு படிகள் கையில் இருந்தும், யாரும் உறுதியாகச் சொல்லவியலாது போகும்.