கோப்பைப் பத்திரிகைக்குக் கொடுத்த ஆளுநர்

நெய்வேலி மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடப்பதை யாரும் அறியாத காலம். கம்மாபுரம் வட்டாரம் அன்று தென்னாற்காடு மாவட்டம். அங்கே சர்க்கார் என்றால் கர்ணம் எழுதும் நிலவரிக் கணக்கு, தவணைக்குத் தவணை கட்டும் கிஸ்தி. 1860 பிப்ரவரியில் கல்கத்தாவில் இன்னொரு வரி முளைத்தது: வருமான வரி. 1857 கிளர்ச்சிக்குப் பின் விழுந்த பற்றாக்குறையை அடைக்க, நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தது அது. ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் விலக்கு.

அதை உரக்க எதிர்த்தவர் சென்னை ஆளுநரே.

சார்லஸ் டிரெவெல்யன் லண்டன் கருவூலத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கணக்குப் பார்த்தவர். கிளர்ச்சியில் சேராத சென்னை மாகாணத்தின் மீது வரி எதற்கு, ராணுவச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் வாதம். அதைக் கோப்போடு நிறுத்தாமல் நாளிதழ்களுக்கும் கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

பத்திரிகையை நாடுவது அவருக்குப் புதிதல்ல. 1843-இல் அயர்லாந்து நிலவரம் பற்றிப் புனைபெயரில் லண்டன் நாளிதழுக்கு எழுதி, அமைச்சர்களின் எரிச்சலைச் சம்பாதித்தவர்தான்.

அவர் செய்ததில் நியாயம் உண்டு. அன்றைய சட்டமன்றத்தில் ஓர் இந்தியர்கூட இல்லை. வரி கட்டப்போகிறவன் வாய் திறக்க இடமே இல்லாதபோது, அரசுக்குள்ளிருந்து ஒருவர் விவாதத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது சிறிய காரியமில்லை. ஆனால் நாளை அதே வரியை வசூலிக்க ஆணையிட வேண்டியவரும் அவர்தான். 'இது தவறான வரி' என்று ஆளுநரே அச்சில் சொன்னபின், தாசில்தார் எந்த முகத்தோடு வீட்டு வாசலில் நிற்பார்? ஆலோசனை முடியுமுன் கோப்பு வெளியேறினால், அடுத்த முறை யாரும் கோப்பில் மனம்விட்டு எழுதமாட்டார்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவூலத்திலிருந்து நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்த கையும் இதே கைதான். சென்னைக் குடிகளுக்காக அவர் பேசியதில் பரிவைவிடத் தன் கணக்கின்மீதிருந்த அசையாத நம்பிக்கையே கூடுதலாகத் தெரிகிறது. அந்த நம்பிக்கை சென்னைக்கு உதவியது, அயர்லாந்தை வதைத்தது.

வில்சன் 1860 ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் இறந்தார். 1863-இல் அதே நிதி உறுப்பினர் நாற்காலிக்கு வந்த டிரெவெல்யன், 1865-இல் வருமான வரி காலாவதியாகும்போது அதைப் புதுப்பிக்கவில்லை. 1886-இல் அது நிரந்தரச் சட்டமாகத் திரும்பிவந்தது; அவர் இறந்ததும் அதே ஆண்டில்தான்.