புகைப்படமும் பிரதேச வரலாறும்: சொலமன் புச்சரின் கஸ்டர் கவுண்டிப் படங்கள்

பழைய புகைப்படம் கடந்த காலத்தை உள்ளவாறே காட்டும் என்பது பரவலான நம்பிக்கை. பிரதேச வரலாறு எழுதுவோரும் இதனை ஆராயாது ஏற்பதுண்டு. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அறிய, ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள கஸ்டர் கவுண்டியில் சொலமன் புச்சர் எடுத்த படங்கள் தக்க சான்றாகும்.

1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுகள் வாழ்ந்து பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலம் உரித்தாயிற்று. மரமற்ற அப்புல்வெளியில் குடியேறியோர், புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினர். 1886இல் புச்சர் இக்குடும்பங்களைப் படம்பிடித்து, அவர்தம் வரலாறுகளையும் திரட்டத் தொடங்கினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகற்றிவ்கள் இன்று நெப்ராஸ்கா மாநில வரலாற்று நிறுவனத்தில் பேணப்படுகின்றன.

இப்படங்களில் குடும்பத்தினர் வீட்டின் முன்னே தம் உடைமைகள் சூழ வரிசையாக நிற்கின்றனர். இது அன்றாட வாழ்வின் தோற்றமன்று, திட்டமிட்ட ஒழுங்கமைப்பு. ஹில்டன் குடும்பத்தின் படத்தில் ஓர்கன் வாத்தியம் வெட்டவெளியில் நிற்கிறது. மண்வீட்டை ஊரிலுள்ள நண்பர்கள் காணலாகாது என அவ்வீட்டுத் தலைவி விரும்பியதே அதற்குக் காரணம் என்பர். அவ்வாறாயின் அப்படம் அக்குடும்பத்தின் வறுமையை மறைக்கிறது. அதே வேளை, அவ்வறுமை தந்த நாணத்தைப் பதிவுசெய்கிறது. வரலாற்றாசிரியனுக்கு இரண்டாவதே பெறுமதி மிக்கது.

ஆயினும் புச்சரின் முறை முற்றிலும் குற்றமற்றதன்று. 1885இல் குடியேறியோர் மாட்டுப்பண்ணை ஒன்றின் கம்பிவேலியை அறுத்த நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளின் பின் ஆட்களை நிறுத்தி நடிக்கச்செய்து படமாக்கினார். நிகழ்ச்சி மெய், படம் நடிப்பு. இவ்வேறுபாட்டை உணராது அதனை நேரடிச் சான்றாகக் கொள்வது பிழையாகும்.

1899இல் புச்சரின் வீடு தீப்பற்றியபோது, திரட்டிய வாழ்க்கை வரலாறுகள் எரிந்தன. தானியக் களஞ்சியத்தில் இருந்த நெகற்றிவ்கள் தப்பின. அவர் மீண்டும் எழுத்துக்களைத் திரட்டி 1901இல் நூலை வெளியிட்டார். படங்கள் மட்டும் போதுமாயின் இவ்வுழைப்புக்குத் தேவை எழுந்திராது. ஷோர்ஸ் என்னும் கறுப்பினக் குடும்பத்தின் படத்தை நோக்குக. குடும்பத் தலைவர் முன்னர் அடிமையாக இருந்தவர் என்பதை எழுத்தே அறிவிக்கிறது. படம் தானாகக் கூறுவதில்லை. மேலும், 1870களில் இன்றைய ஒக்லஹோமாவுக்கு அகற்றப்பட்ட போனீ மக்கள் இக்குடியேற்றக் குடும்பங்களின் வரிசையில் இல்லை. அவர்கள் நீங்கிய பின்னரே புச்சரின் கமெரா அங்கு வந்தது. வெறும் புல்வெளியிலிருந்து வரலாறு தொடங்கிற்று என்ற மயக்கத்தைப் படத்தொகுதி இவ்வாறு தோற்றுவிக்கிறது.

எனவே, புகைப்படத்தைப் பிரதேச வரலாற்றின் சான்றாகக் கொள்வோர் படத்தில் உள்ளதை மட்டும் நோக்குதல் போதாது. யார் நிறுத்தினர், எதனை முன்வைத்தனர், எவர் இடம்பெறவில்லை என்பனவும் வினாக்களாதல் வேண்டும். அவ்வினாக்களுடன் அணுகும்போதுதான் குடும்பப் படம் சமூக வரலாற்று ஆவணமாகிறது.