மௌலவிக்குள் ஒரு ளகரம்

கணனியில் எழுத்து என்று பேச்செடுத்தால் நம்மவர்களிடையே முதலில் எழுவது அறபுத்தமிழ் பற்றிய கவலைதான். நியாயமான கவலை. அதன் எழுத்துகளுள் சில யுனிகோட்டில் இடம்பெற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு வெளிவந்த 8.0 ஆம் பதிப்பில்தான் கீழே ஒரு புள்ளியிட்ட காஃபும், கீழே மூன்று புள்ளியிட்ட ஐனும் சேர்க்கப்பட்டன. ஆனால் நாம் அன்றாடம் எழுதும் தமிழிலேயே, நமது சொற்களைக் குறிவைத்தாற்போல ஒரு சிதைவு நிகழ்ந்து வருகின்றது. நமது விமர்சகர்கள் அதனைப் பொருட்படுத்தியதாக நான் அறியேன்.

'மௌலவி', 'மெளலவி' ஆகிய இரண்டையும் உற்று நோக்குங்கள். தாளில் இரண்டும் ஒன்றே. கணனிக்கு வேறு வேறு. யுனிகோட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. முதலாவதில் மகரம் 2990, ஔகாரக் குறி 3020. இரண்டாவதிலோ மகரத்தின் பின் எகரக் கொம்பு 3014, அடுத்து ளகரம் 2995. ஆகவே கணனி அதனை 'மெ-ள-ல-வி' என்றே வாசிக்கும். ஔகாரத்தின் வலப்பக்க உறுப்புக்கு 3031 எனத் தனி எண்ணே இருக்கின்றது. கொம்போடு அதைச் சேர்த்தால் 3020க்குச் சமம் என்பது விதி. ளகரத்துக்கு அவ்வுரிமை இல்லை, இருக்கவும் கூடாது.

இச்சிதைவின் ஊற்று பாமினி. நம் சஞ்சிகைகளும் நூல்களும் பல்லாண்டுகள் அந்த எழுத்துருவில்தான் கோக்கப்பட்டன. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டதே பாமினி. அதில் 'அம்மா' என்று தெரிவது, கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கின்றது. ளகரத்துக்கும் ஔகார உறுப்புக்கும் அங்கே ஒரே விசை, எஸ். அச்சிட்டுக் கண்ணால் வாசித்த காலத்தில் இதனால் குறைவொன்றும் நேரவில்லை. அக்கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றும்போதுதான் அது ளகரமா, ஔகாரமா என்பதை மென்பொருள் தீர்மானிக்க வேண்டியதாகின்றது.

'மெள்ள', 'கெளிறு' போன்றவற்றில் சிக்கலில்லை. ளகரம் புள்ளியோ குறியோ பெற்று நிற்பதால் அடையாளம் தெரிந்துவிடும். வெறும் ளகர வடிவம் வரும் இடமே இடர். தமிழின் பொதுச் சொற்களில் ஔகாரம் அரிது. நமக்கோ மௌத்து, தௌஹீத், மௌலூது, ஹௌழ், பௌஸியா என்று அது வீட்டுச் சொத்து. அதேவேளை நம் சிறுகதைப் பாத்திரங்கள் 'வெளங்குதா', 'வெளக்கு', 'வெளயாட்டு' என்றும் பேசுகின்றன. 'மௌத்து வூட்டு வெளக்கு' என ஒரு வரி வந்தால் மென்பொருள் என்ன செய்யும்? எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் பேச்சுமொழி கெடும். ளகரமாக்கினால் அறபுச் சொல் கெடும். தமிழும் நம் வழக்கும் தெரிந்த மனிதரே தீர்ப்புச் சொல்ல முடியும்.

'அறபு'வா 'அரபு'வா எனப் பக்கம் பக்கமாக வாதிட்டவர்கள் நாம். இதனை வெறும் தட்டெழுத்துப் பிழை என ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. இது பாடபேதம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத பாடபேதம். மௌலூது இலக்கியத்தை ஆராயும் மாணவி சரியாகத் தட்டித் தேடினால் பிழையாகப் பதிவானவை அகப்படமாட்டா. அகரவரிசையில் 'மோ'வுக்குப் பின் நிற்கவேண்டிய மௌலவி, 'மெ' வரிசைக்குள் போய் அமர்ந்துவிடுவார். பார்வையற்ற வாசகருக்குக் கணனி வாசித்துக் காட்டும்போது பௌஸியாவின் பெயர் சிதைந்தே ஒலிக்கும்.

பழைய இதழ்களை யுனிகோட்டில் ஏற்றுவோரிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. மாற்றிய கோப்பில் எகரக் கொம்பை அடுத்து ளகரம் வரும் இடங்களையும், 'வௌங்குதா' போல ஐயத்துக்குரிய ஔகாரங்களையும் தேடிப் பட்டியலிடுங்கள். கதையை அறிந்த ஒருவர் அதனை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தட்டும். அவ்வாறு பார்த்தவரின் பெயரையும் தொகுப்பாளர் பெயரின் கீழ் அச்சிடலாம்.