தோற்ற தேர்தலை ரசிப்பது எப்படி?

பிப்ரவரி வந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பின வரலாற்று மாதம் களைகட்டும். நூலகத்திலோ மாணவர் மையத்தின் சிறிய அரங்கிலோ ஏதாவதொரு மாலையில் ஆவணப்படம் திரையிடுவார்கள். பெரும்பாலும் அனுமதி இலவசம். அந்த அறிவிப்புப் பலகையில் 'சிஷோம் '72: அன்பாட் அண்ட் அன்பாஸ்ட்' என்ற பெயர் கண்ணில் பட்டால், இருக்கிற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். ஷோலா லிஞ்ச் இயக்கி 2004-இல் வெளிவந்த படம். ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடும். ஆனால் கொஞ்சம் தயாராகிப் போனால் அதில் கிடைப்பது பல மடங்கு.

ஷெர்லி சிஷோம் 1924-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்தவர், அம்மா பார்படோஸ்காரர். சிறுவயதில் சில ஆண்டுகள் பார்படோஸில் பாட்டியிடம் வளர்ந்தார். மழலையர் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர், 1968-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். அந்தச் சபைக்குள் நுழைந்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். போன உடனேயே அவரை விவசாயக் குழுவில் போட்டார்கள். அவருடைய தொகுதியோ புரூக்ளினின் நெரிசலான குடியிருப்புகள். புதிதாக வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது சபையின் எழுதப்படாத விதி. அவர் எழுந்து நின்று ஆட்சேபித்தார். வேறு குழுவுக்கு, முன்னாள் படைவீரர்கள் நலக் குழுவுக்கு, மாற்றினார்கள். என் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் படைவீரர்கள் அதிகம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். இந்தப் பெண்மணிதான் 1972-இல் அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக வேண்டும் என்று களத்தில் குதித்தார்.

தோற்றார். அதுவும் படுதோல்வி. படம் முழுக்க அந்தத் தோல்வியின் கதைதான்.

இதைச் சாதனைப் பெண்மணிக்கான பாராட்டு விழாவாகப் பார்க்கப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். திரையிடலுக்கு முன்னால் பேசுகிறவர்கள் 'முதல் பெண்', 'முதல் கறுப்பினத்தவர்' என்று அடுக்குவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்; விளக்கு அணைந்ததும் அதை ஒரு ஓரமாக வைத்துவிடுங்கள். வயதான சிஷோமே படத்தில் சொல்கிறார்: முதலில் வந்தவள் என்பதற்காக என்னை நினைக்க வேண்டாம், நான் நானாக இருக்கத் துணிந்தேன் என்பதற்காக நினையுங்கள் என்று. படம் அந்தத் துணிச்சலுக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதைத்தான் கணக்குப் பார்க்கிறது.

அந்தக் கணக்கு புரிய ஒரே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் கட்சியின் வேட்பாளரை மேலிடம் அறிவிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலோ கூட்டங்களோ நடக்கும். அவற்றின்படி டெலிகேட்டுகள் எனப்படும் பிரதிநிதிகள் தேர்வாவார்கள். கோடையில் நடக்கும் மாநாட்டில் அவர்கள் ஓட்டுப் போட்டு வேட்பாளரை முடிவு செய்வார்கள். 1972-இல் ஜனநாயகக் கட்சிக்கு மொத்தம் 3,016 டெலிகேட் ஓட்டுகள். வெல்ல 1,509 வேண்டும். சிஷோம் தன்னால் அதிபராகிவிட முடியும் என்று கனவு காணவில்லை. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போனால், கையில் இருக்கும் சில நூறு டெலிகேட்டுகளை வைத்துக்கொண்டு பேரம் பேசலாம். கறுப்பின மக்களுக்கும் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் வாக்குறுதி வாங்கலாம் என்பதே திட்டம். கையில் இருந்த பணமோ மொத்தப் பிரசாரத்துக்கும் சுமார் 3 லட்சம் டாலர்தான்.

ஜனவரி 25-ஆம் தேதி புரூக்ளினின் கன்கார்டு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவர் போட்டியை அறிவிக்கும் காட்சியைக் கண் கொட்டாமல் பாருங்கள். ஒல்லியான உருவம், கண்ணாடி, முன்னால் கொத்தாக மைக்குகள். நான் கறுப்பினத்தவள், அதில் எனக்குப் பெருமை, ஆனால் கறுப்பின மக்களின் வேட்பாளர் மட்டும் இல்லை என்கிறார். நான் பெண், அதிலும் பெருமைதான், ஆனால் பெண்களின் வேட்பாளர் மட்டும் இல்லை என்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக நறுக்கி வைப்பது போன்ற உச்சரிப்பு. சிறுவயது பார்படோஸின் சாயல் அதில் உண்டு. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வார்த்தைக்குப் போகிறார். வகுப்பறையில் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட ஆசிரியையின் நிதானம் அது. இந்தக் காட்சியை மட்டும் இரண்டு முறை பார்க்க வாய்ப்பிருந்தால், இரண்டாம் முறை அவரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பாருங்கள்.

படத்தின் உண்மையான கனம் அவருடைய நண்பர்களிடம் இருக்கிறது. கறுப்பினத் தலைவர்களில் பலர், ஓர் ஆண் நிற்க வேண்டிய இடம் இது, எங்களைக் கேட்காமல் எப்படி நிற்கலாம் என்று ஒதுங்கினார்கள். பெண்ணுரிமைத் தலைவர்களில் சிலர் ஒரு காலை இவர் பக்கமும் மறு காலை போட்டியில் முன்னணியில் இருந்த ஜார்ஜ் மெக்கவர்ன் பக்கமும் வைத்திருந்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்திருந்த கறுப்பினத் தலைவர் ரான் டெல்லம்ஸ் முதலில் இவரை ஆதரித்தார். ஜூலையில் மயாமி பீச் மாநாட்டில் மெக்கவர்ன் பக்கம் போனார். வாஷிங்டனின் கறுப்பினத் தலைவர் வால்டர் ஃபான்ட்ராயும் மெக்கவர்னுக்குத்தான் துணை நின்றார். முப்பது ஆண்டுகள் கழித்து இவர்களை உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார் ஷோலா லிஞ்ச். அவர்கள் பேசும்போது முகத்தைப் பாருங்கள். யாரையும் வில்லனாக்காமல், யாரையும் தப்பவும் விடாமல் எடுத்திருப்பதுதான் இந்தப் படத்தின் பெரிய பலம் என்பேன். நிச்சயமாக ஜெயிப்பவரோடு போய்க் காரியம் சாதிப்பதா, நம்மவரோடு நின்று தோற்பதா என்ற கேள்விக்கு அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வலிக்கிறது.

மாநாட்டுக்கு முன்பே, மே மாதம், இனப் பாகுபாட்டின் முகமாக இருந்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸைச் சுட்டார்கள். அவரும் அதே வேட்பாளர் போட்டியில் இருந்தவர். மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார் சிஷோம். ஆதரவாளர்கள் கொதித்தார்கள். ஆனால் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி என்ற சட்டத்துக்காக சிஷோம் பின்னாளில் போராடியபோது, தென் மாநில உறுப்பினர்களின் ஓட்டைத் திரட்ட வாலஸ் உதவினார். சிஷோமின் அம்மாவும் வீட்டு வேலைக்குப் போனவர்தான்.

கல்லூரி வளாகத்தில் பார்ப்பதற்கென்றே இதில் ஒரு சுவை உண்டு. வாக்களிக்கும் வயது 18 ஆனது 1971-இல். 1972-தான் அந்த வயதுக்காரர்கள் ஓட்டுப் போட்ட முதல் அதிபர் தேர்தல். சிஷோமுக்காக ஓடியாடியவர்களில் மாணவர்கள் கணிசம். ஓக்லண்டில் மில்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பார்பரா லீ, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த இளம் தாய். வாக்காளராகப் பதிவுகூடச் செய்யாதவர். கல்லூரிக்குப் பேச வந்த சிஷோம், முதலில் போய்ப் பதிவு செய் என்று அனுப்பினார். அந்தப் பெண் மாநாட்டுக்கு டெலிகேட்டாகப் போனார். 1998-இல் டெல்லம்ஸ் காலி செய்த அதே தொகுதியில் நின்று வென்றார். படத்தில் அவரும் பேசுகிறார், டெல்லம்ஸும் பேசுகிறார். இது தெரிந்து பார்த்தால் இருவர் பேச்சுக்கும் வேறு எடை வந்துவிடும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2019 ஜனவரியில் அதிபர் போட்டியை அறிவித்தபோது, பிரசாரச் சின்னத்தின் சிவப்பும் மஞ்சளும் சிஷோமின் 1972 பிரசாரத்தை நினைவூட்டும்படி அமைக்கப்பட்டிருந்தன.

ரெஜினா கிங் நடித்து 2024-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'ஷெர்லி' என்ற கதைப்படமும் இருக்கிறது. அதை அப்புறம் பாருங்கள். முதலில் நிஜக் குரல் காதில் ஏறட்டும். ஆவணப்படத்துக்கும் ஒரு குறை உண்டு: 1972-ஐ விட்டு அதிகம் நகராது. அவர் 1983 வரை, ஏழு முறை தேர்வாகி, சபையில் செய்த வேலையை நீங்கள்தான் தேடிப் படிக்க வேண்டும்.

மாநாட்டு ஓட்டெடுப்பு வரும்போது அரங்கம் பொதுவாக அமைதியாகிவிடும். சிஷோமுக்குக் கிடைத்தது 152. படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது 2005 பிப்ரவரியில். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 1-ஆம் தேதி, அவர் இறந்துவிட்டார்.

விளக்கு எரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கலந்துரையாடலுக்கு இருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்த மாநாட்டில் நீங்கள் டெலிகேட்டாக இருந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பீர்கள்? சிஷோமுக்கு என்று சட்டென்று சொல்பவரிடம், ஏன் என்று இன்னொரு முறை கேளுங்கள். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.