பொய்க் கியர்

ஹோண்டா பிரெலூட் என்று ஒரு கார். 2001-ல் மூடுவிழா நடத்திவிட்டு, 24 வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில் ஜப்பானில் மறுபடி இறக்கினார்கள். இரண்டே கதவு, தாழ்ந்த மூக்கு. சின்னப் பையன்கூடப் பார்த்ததும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிவிடுவான். உள்ளே இருப்பது ஹைபிரிட். வழக்கமான கியர் பாக்ஸ் கிடையாது. ஆனால், எட்டு கியர் மாற்றலாம்!

எப்படி என்கிறீர்களா? 'எஸ் பிளஸ் ஷிஃப்ட்' என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால், கம்ப்யூட்டர் இன்ஜின் சுற்றை ஏற்றி இறக்கும். ஸ்பீக்கர் வழியாக உறுமல் சேர்க்கும். கியர் விழுந்த மாதிரி ஒரு சின்ன வெட்டும் கொடுக்கும். ஸ்டியரிங் பின்னால் இருக்கிற பட்டையை இழுத்தால் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும். மூன்று என்று ஒன்றும் இல்லை, இரண்டு என்று ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஹோண்டாவை மட்டும் திட்டிப் பயனில்லை. 2023-ல் ஹூண்டாய் கொண்டுவந்த ஐயோனிக் 5 என், முழு மின்சாரக் கார். அதிலும் எட்டுப் பொய்க் கியர். சரியான நேரத்தில் மாற்றாவிட்டால், இன்ஜின் திணறுகிற மாதிரி நடிக்கவும் செய்யும். டொயோட்டாவின் லெக்ஸஸ் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், கிளட்ச் மிதியோடு ஒரு மின்சாரக் காரைச் சோதனைக்காகச் செய்து காட்டியது. கிளட்ச்சைத் தப்பாக விட்டால் வண்டி 'ஆஃப்' ஆகும். மோட்டாருக்கு ஆஃப் ஆகவே தெரியாது, சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 'வாடிவாசல்' எழுதினார். அந்த ஊர்க்காரரிடம் போய், "அண்ணே, மரத்துல மாடு செஞ்சு, உள்ள ஸ்பிரிங் வச்சிருக்கோம். நல்லாத் துள்ளும், குத்தாது. வந்து அணைங்க" என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வரும் என்று பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

என் கோபம் ஹைபிரிட் மீது இல்லை. பி.காம். படித்தவனுக்கு பெட்ரோல் மிச்சம் என்றால் காது தானாக நீளும். 1997-ல் வந்த டொயோட்டா பிரையஸ் மிக அழகான கணக்குகளில் ஒன்று. ஓர் இன்ஜின், இரண்டு மோட்டார், மூன்றையும் இணைக்கிற ஒரு பல்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிக் குட்டிச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். இந்த இன்ஜினுக்கு எந்தச் சுற்றில் சுகமோ, அந்தச் சுற்றில் அதை ஓடவிட்டு, மிச்சத்தை மோட்டார்கள் பார்த்துக்கொள்ளும். கிளட்ச்சும் வேண்டாம், கியரும் வேண்டாம். 2022 நவம்பரில் நம் ஊருக்கு அறிமுகமான இனோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டும் இதே வம்சம்தான். அதே வருஷம் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் வேறு வழி: பெரும்பாலும் இன்ஜின் கரன்ட் தயாரிக்கும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் இன்ஜின் நேரடியாகச் சேர்ந்துகொள்ளும். கியரே வேண்டாம் என்பதுதான் இந்த இயந்திரங்களின் பெருமை. அந்தப் பெருமையை மறைத்து கியர் வேஷம் போடுவது, மொட்டை போட்டவர் விக் வைத்துக்கொண்டு பழநி மலை இறங்குவது மாதிரி.

மலை என்றதும் ஞாபகம் வருகிறது. வத்தலக்குண்டிலிருந்து காட்ரோடு பிரிவைத் தாண்டி ஏறினால் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல். கியர் எதற்கு என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், அந்த ரோட்டில் இறங்கிப் பார்க்க வேண்டும். வத்தலக்குண்டு டாக்ஸி டிரைவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், எனக்குச் சொன்ன பாடம் ஒரே வரி: "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே எறங்கணும் தம்பி. பிரேக்க நம்பி எறங்குனா பாதியிலயே நாறிரும்."

நாறும் என்றால், நிஜமாகவே நாறும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் பேட் சூடேறும். பிறகு பிரேக் ஆயில் கொதிக்கும். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டாவது கியரில் விட்டால், இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். கையில் இருக்கிற அந்தக் குச்சி அங்கே உயிர் காக்கிற சமாச்சாரம்.

ஹைபிரிட் இதே இறக்கத்தில் என்ன செய்கிறது? மோட்டார் ஜெனரேட்டராக மாறி, இறங்குகிற வேகத்தைக் கரன்ட்டாக்கி பேட்டரியில் போடுகிறது. அருமை. ஆனால், பேட்டரி சின்னது. ரொம்ப நேரம் இறங்கினால் நிரம்பிவிடும். அப்போது கம்ப்யூட்டர், மிச்சக் கரன்ட்டை வைத்து, பெட்ரோல் ஊற்றாமலே இன்ஜினைச் சுற்ற ஆரம்பிக்கும். ஆக்ஸிலரேட்டரில் காலே வைக்கவில்லை, இன்ஜின் அலறுகிறது. புதிதாக வாங்கினவர் வண்டி கெட்டுப்போச்சு என்று ஓரம்கட்டுவார். கெடவில்லை. நம்ம டாக்ஸிக்காரர் சொன்னதைத்தான் அது தன் பாஷையில் செய்கிறது. இது நேர்மையான சத்தம். காரணத்தோடு வருகிற சத்தம். பொய்க் கியரில் 'இரண்டு' போட்டால் வருகிற உறுமலுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். அங்கேயும் வேகம் குறையலாம். குறைப்பது மோட்டார், பெயர் மட்டும் கியருக்கு.

"ஹைபிரிட்ல நிஜ கியர் வைக்க முடியாது சார், அதான்" என்று ஷோரூம் இளைஞர்கள் சொல்வார்கள். முடியும். 1999-ல் வந்த ஹோண்டாவின் முதல் இன்சைட்டில் ஐந்து கியர் மேனுவல் இருந்தது. 2010-ல் அதே ஹோண்டா சிஆர்-இசட் என்று ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் ஹைபிரிட் விட்டது. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே தட்டையாக ஒரு மோட்டார், ஆறு கியர், நிஜக் கிளட்ச். பெரிய வேகமில்லை, விற்பனையும் சோர்ந்துபோய் 2016 வாக்கில் கடையைக் கட்டினார்கள். அதாவது, முடியாததால் விடவில்லை, கட்டுப்படியாகாததால் விட்டார்கள். இன்ஜின் எப்போது ஓட வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று பைசா பைசாவாகக் கணக்கு எழுதுகிறது கம்ப்யூட்டர். நடுவில் ஒரு மனிதக் கால் வந்து கிளட்ச்சை மிதித்தால், லெட்ஜரில் காபி கொட்டின மாதிரி. மைலேஜும் போச்சு, புகைக் கணக்கும் போச்சு.

அந்த விஷயத்தில் போர்ஷே யோக்கியம். 2024-ல் அவர்கள் 911 ஜிடிஎஸ் காரில் ஹைபிரிட் வைத்தார்கள், 541 குதிரை சக்தி. நிஜப் பற்கள் உள்ள எட்டு கியர், ஆனால் ஆட்டோமேட்டிக் மட்டும். கிளட்ச் மிதிக்க ஆசையா? ஹைபிரிட் இல்லாத கரேரா டி வாங்கிக்கொள், 394 குதிரைதான். அல்லது ஜிடி3-க்குப் போ. இரண்டையும் கலந்து ஏமாற்றவில்லை. அவர்களும் சூடுபட்டவர்கள்தான். 2013-ல் ஜிடி3-ஐ ஆட்டோமேட்டிக் மட்டும் என்று விற்று, ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 2016-ல் 911 ஆர் என்று மேனுவல் மட்டும் உள்ள கார், மொத்தமே 991. கைமாறும்போது விலை எங்கேயோ போனது. 2017-ல் ஜிடி3-க்கும் மேனுவல் திரும்பி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே கியர் போடுவது பணக்காரன் சொகுசு. இங்கே கியர் போடுவது காசு மிச்சம் பிடிப்பவன் விதி. ஒரே மாடலில் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கூடக் கொடுக்க வேண்டும். போர்ஷே வாங்க முடியாதவனுக்கு இங்கே கிடைத்தது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஐ20 என் லைன். ஒரு லிட்டர் டர்போ, 120 குதிரை. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஜெர்மன்காரன் சிரிப்பான், சிரிக்கட்டும். 2021-ல் அது வந்தபோது ஐஎம்டி என்று ஒரு ஏற்பாடு: கியர் குச்சி உண்டு, கிளட்ச் மிதி இல்லை. கை குச்சியைத் தொட்டதும் சென்சார் பார்த்துக் கிளட்ச்சை விடுவிக்கும். பாதிப் பொய். சென்னை டிராஃபிக்கில் இடது காலுக்குச் சுகம். குஷியாக ஓட்ட நினைத்தவனுக்கு, கை குலுக்கும்போது கையுறை போட்ட மாதிரி. 2023 செப்டம்பரில் அதைத் தூக்கிவிட்டு, மூன்று மிதியும் ஆறு கியரும் உள்ள நிஜ மேனுவலை வைத்தார்கள். உலகம் பொய்க் கியரை நோக்கிப் போகும்போது இருங்காட்டுக்கோட்டை எதிர்த்திசையில் ஓர் அடி வைத்தது. இதற்கு ஒருவரும் கைதட்டினதாகத் தெரியவில்லை, நான் தட்டுகிறேன்.

சமீபத்தில் ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே ஓட்டிப் பழகிய உறவுக்காரப் பையன் ஒருவன், வாடகைக்கு மேனுவல் வண்டி எடுத்துக் கொடைக்கானல் போகிறேன் என்றான். டூவீலருக்கு கியர் உள்ளது, இல்லாதது என்று நம் லைசென்ஸில் இரண்டு வகை உண்டு. காருக்கு அப்படிப் பிரிவே இல்லை. சட்டப்படி அவன் தாராளமாக ஓட்டலாம். ஏறுவதற்கு முன்னால் வத்தலக்குண்டு டாக்ஸி ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, அந்தப் பெரியவரிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.