தலைப்பைப் பேசுவது யார்?

க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் ஒரு சிறுகதையைக் கொடுத்தால், கதையை வாசிக்கும் முன்பே இரண்டு விடைகளைத் தேடத் தொடங்குகிறார்கள். இக்கதையின் கருப்பொருள் யாது? தலைப்பின் பொருத்தப்பாட்டை விளக்குக. முதலாவதற்கு விடை ஒரே சொல்லில் தயாராக இருக்கிறது. வறுமை, சாதிக்கொடுமை, சீதனம், தாய்ப்பாசம் என்று கையில் நாலைந்து சொற்கள். இரண்டாவதற்கு ஒரே வசனம்: இத்தலைப்பு மிகப் பொருத்தமாக அமைந்துள்ளது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வகுப்புகளில் தமிழ் படிப்பிப்பவன் என்ற வகையில் இந்த இரண்டு விடைகளையும் எத்தனையோ தாள்களில் திருத்தியிருக்கிறேன். தலைப்புப் பொருந்தவில்லை என்று எழுதிய ஒரு பிள்ளையை இன்னும் சந்திக்கவில்லை. அப்படி எழுதினால் புள்ளி கிடைக்காது என்று பிள்ளைக்குத் தெரியும்.

பரீட்சைக்காரர்களின் விவகாரம் நமக்கெதற்கு என்று இச்சஞ்சிகையின் வாசகர்கள் கேட்கலாம். நாளைக்கு நமது கதைகளை வாசிக்கப் போகிறவர்கள் இந்த வகுப்புகளில்தான் இருக்கிறார்கள். பதினாறு வயதில் கதையை ஒரு சொல்லாகச் சுருக்கப் பழகியவர் முப்பது வயதில் நம் தொகுதியை வாங்கினாலும் அப்படித்தான் வாசிப்பார். நமது வெளியீட்டு விழாக்களில் நடக்கும் நயவுரைகள் சிலவற்றைக் கேட்டவர்களுக்கு நான் மிகைப்படுத்தவில்லை என்பது விளங்கும்.

முதலில் ‘கருப்பொருள்’ என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. அகத்திணையைப் படிக்கும்போது கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று பிள்ளை மனனம் செய்கிறது. அடுத்த பாடவேளையில் சிறுகதையை எடுத்ததும், கதை எதைச் சொல்ல வந்தது என்பதற்கும் அதே பெயர். இரண்டும் வேறு வேறு என்று யாரும் நின்று சொல்வதில்லை. தொல்காப்பியரின் கணக்கில் நாம் தேடுவதற்குக் கிட்ட நிற்பது உரிப்பொருள்.

இந்தப் பழைய கணக்கு நவீன கதைக்கு உதவாது என்று நினைக்க வேண்டாம். மூதூர்க்காரரான வ.அ. இராசரத்தினத்தின் ‘தோணி’யை எடுத்துக்கொள்வோம். கடற்கரையில் வளரும் பையனுக்குத் தனக்கென்று சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்ற ஆசை. வகுப்புக் குறிப்பில் இக்கதையின் கருப்பொருள் ‘மீனவர் வறுமை’ என்றுதான் வரும். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் வறுமையைப் பற்றித் தமிழில் எண்ணிலடங்காக் கதைகள் இருக்கின்றன. அவற்றில் எதன் தலையிலும் இந்தச் சொல்லை ஒட்டிவிடலாம். இக்கதைக்குத் தலைப்பாக நிற்பது பசியோ, மீனோ, காசோ அல்ல, தோணி. உழைக்கக் கை இருக்கிறது, கடல் இருக்கிறது, உழைப்பதற்கான கருவி தன்னுடையதாக இல்லை. தோணி நெய்தல் நிலத்தின் கருப்பொருள். அதைச் சுற்றிக் கிடக்கும் ஏக்கம் நெய்தலின் உரிப்பொருளான இரங்கலுக்கு எவ்வளவு கிட்ட வருகிறது பாருங்கள். பொருளுக்கும் ஏக்கத்துக்கும் இடையிலுள்ள அந்த உறவைத்தான் பிள்ளை எழுத வேண்டும். அதை எழுத ஒரு சொல் போதாது, குறைந்தது ஒரு முழு வசனம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ‘தோணி’ என்ற சொல்லைக் கதையில் யார் ஆசையோடு உச்சரிக்கிறார்? அந்தப் பையன். ஆகவே தலைப்பு அவனுடைய வாயிலிருந்து வருகிறது. எனது அனுபவத்தில், தலைப்பைப் பற்றிக் கேட்கத்தக்க முதல் கேள்வி பொருத்தமா இல்லையா என்பதல்ல. இதைப் பேசுவது யார் என்பதே. அதற்கு விடை கிடைத்தால் கரு தானாகவே பிடிபடத் தொடங்கும்.

இதற்கு என்.கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ கதையை விடச் சிறந்த உதாரணம் ஈழத்தில் இல்லை என்பேன். மதுவிலக்கு மேடையில் பேசிவிட்டு வீடு திரும்பியிருக்கும் ஒரு பெரிய மனிதர். அவரை நாடித் தாழ்த்தப்பட்ட சாதியினர் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். மேடையிலே சமத்துவமாக நின்றவர் வீட்டு வாசலிலே தடுமாறுகிறார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட முடியவில்லை. வரவேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. நல்லவேளையாக வானத்தில் நிலவு இருக்கிறது. அதன் அழகைப் பாராட்டி, வந்தவர்களை வெளியே கூட்டிப் போய்விடுகிறார்.

இத்தலைப்பைக் கதை வாசிக்கு முன் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். காதல் கதை என்பார்கள். வெள்ளவத்தை வகுப்பில் பின்வரிசை ஒருமுறை சிரித்தே விட்டது. கதை முடிந்த பிறகு அதே தலைப்பைத் திரும்ப வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சொற்கள் அவையேதான். முதல் தடவை அது ஒரு இனிமையான அழைப்பு. இரண்டாம் தடவை, வீட்டுக்குள் விடாமல் செய்வதற்கான ஒரு தந்திரம். அந்த மனிதர் வாயில் அது மரியாதை. கேட்டுக்கொண்டு நிற்பவர்களின் காதில் அது தீண்டாமை. ரகுநாதன் தலைப்பைத் தானாக எழுதவில்லை, தன் பாத்திரத்தின் வார்த்தையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கதை முழுக்க அவர் யாரையும் ஏச வேண்டியிருக்கவில்லை.

இப்போது வினாத்தாளின் விடையை எடுத்துப் பார்ப்போம். கருப்பொருள்: சாதிக்கொடுமை. தலைப்பு: நிலவில் பேசுவதால் பொருத்தம். இரண்டும் சரி, இரண்டுக்கும் புள்ளி உண்டு. கதை மட்டும் அங்கே இல்லை. சாதிக்கொடுமை என்றால் அடிப்பதும் எரிப்பதும் நினைவுக்கு வரும். இக்கதையில் ஒருவரும் கை ஓங்கவில்லை. நாகரிகமான பேச்சுக்குள் புகுந்துகொண்ட சாதியைப் பற்றியது இது. பிள்ளை இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள வழி தலைப்பின் தொனியில்தான் இருக்கிறது. கருவையும் தலைப்பையும் தனித்தனி வினாக்களாகப் பிரித்துக் கேட்டால் அந்த வழி அடைபடுகிறது.

இலங்கையர்கோனின் ‘வெள்ளிப் பாதசரம்’ வேறு வகை. புதுமணத் தம்பதிகள் வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போன இடத்தில் பாதசரம் தொலைகிறது, சண்டை வருகிறது, பின் சமாதானமாகிறார்கள். தலைப்பு தொலைந்த பொருளைச் சொல்கிறது. கதையோ தொலையாத ஒன்றைப் பற்றியது. இங்கே பிள்ளைகளுக்குத் தடையாக நிற்பது கரு அல்ல, ‘பாதசரம்’ என்ற சொல். கொலுசு என்று சொன்னதும் முகம் தெளிகிறது. (‘தோணி’, ‘நிலவிலே பேசுவோம்’, ‘வெள்ளிப் பாதசரம்’ மூன்றுமே 1962இல் தொகுதிகளின் தலைப்புகளாகவும் வந்தவை. இலங்கையர்கோன் அதற்கு முந்திய வருடமே காலமாகிவிட்டார்.)

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் ‘மணிக்கொடி’யில் வந்தது. சென்னையின் ஒரு சேரிச் சந்து, ஜட்கா ஓட்டும் கணவன் காயப்பட்டுக் கிடக்கிறான், அவனுக்கு வேண்டியதை வாங்க மனைவி அம்மாளு இருளில் தன்னை விற்கிறாள். ‘பொன்னகரம்’ என்று சொல்வது அம்மாளு அல்ல. ஆசிரியரே நேரடியாகப் பேசுகிறார், பல்லைக் கடித்துக்கொண்டு. இதை ‘முரண்’ என்ற இலக்கணச் சொல்லால் விளக்கிப் பார்த்தேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பிறகு கொட்டாஞ்சேனை வகுப்பில் வேறொரு வழி கிடைத்தது. அங்கே சிலர் புளூமெண்டால் வீதிப் பக்கத்திலிருந்து வருபவர்கள். கொழும்பின் குப்பை பல வருடங்களாக மலையாகக் குவிந்து கிடந்த இடம் அது. ஒல்லாந்தர் மொழியில் அந்தப் பெயருக்குப் ‘பூப்பள்ளத்தாக்கு’ என்று பொருள் என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு பையன், “அப்ப எங்கட ரோட்டுக்கும் புதுமைப்பித்தன்தானா சேர் பேர் வச்சவர்?” என்று கேட்டான். அன்றைக்கு முரண் பற்றி நான் மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

அதே புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களைப் பற்றி எழுதிய ‘துன்பக்கேணி’யில் தலைப்பு இன்னொருவரின் வாயிலிருந்து வருகிறது. பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களுக்காகப் பாரதி பாடிய பாட்டில் உள்ள சொல் அது. பீஜியின் அழுகையை எடுத்து இலங்கை மலைகளின் மேல் வைக்கிறது தலைப்பு. இரண்டும் ஒரே கேணி என்கிறது. இந்தத் தொடர்பு தெரியாத பிள்ளைக்குத் தலைப்பில் பாதிதான் கிடைக்கும். ஆனாலும், எனது அபிப்பிராயத்தில், இத்தலைப்புக் கதையை விட ஒரு படி உரக்கவே பேசுகிறது. நாம் அழ வேண்டும் என்பதை முதற் பக்கத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறது. இப்படி ஒரு மாணவி எழுதி, கதையிலிருந்து இரண்டு இடங்களைக் காட்டி நிறுவினால் அவளுக்கு முழுப் புள்ளி கொடுக்க வேண்டும். புதுமைப்பித்தன் அதனால் குறைந்துபோக மாட்டார்.

நம்மவர் கதைக்கு வருவோம். எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ 1992இல் அதே பெயர்கொண்ட தொகுதியில் வந்து, பின்னர் பாடசாலைப் பிள்ளைகளும் படிக்கும் கதையானது. கைக்குக் கிடைத்த ஒரு வகுப்புக் குறிப்பில் இதன் கருப்பொருள் ‘முஸ்லிம்களின் பண்பாடு’ என்றிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ‘வெள்ளிப் பாதசர’த்துக்குக் கருப்பொருள் ‘இந்துக்களின் பண்பாடு’ என்று யாரும் எழுதுவதில்லை. அங்கே கோயில் பின்னணி, மனித உறவு கரு. இங்கே மட்டும் பின்னணியே கருவாகிவிடுகிறது. குறிப்பு எழுதியவர் கெட்ட நோக்கத்தோடு எழுதியிருக்க மாட்டார், பாராட்டாகவே நினைத்திருப்பார். ஆனால் பண்பாடு ஒரு கதைக்குக் கருவாக முடியாது. அது கதை நடக்கிற நிலம். நம் சிறுகதையாளர்களின் மனிதர்கள் பகைக்கிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், வெட்கப்படுகிறார்கள், மன்னிக்கிறார்கள். அதைப் படிக்காமல் அவர்களுடைய தொப்பியை மட்டும் படித்துவிட்டுப் போவது எங்களுக்கும் நட்டம், மற்றவர்களுக்கும் நட்டம். நம்மில் சிலரும் இந்தப் பாராட்டில் மயங்கி, சடங்குகளை வரிசையாக அடுக்கிக் கதை என்று எழுதியதையும் மறைப்பதற்கில்லை.

தலைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ‘மக்காச் சால்வை’ என்றோ ‘ஹஜ் சால்வை’ என்றோ இல்லை, ‘மக்கத்துச் சால்வை’. ‘மக்கம்’ என்று ஊரில் சொல்லும் பேச்சுவழக்கு அது. ஆகவே தலைப்பைப் பேசுவது ஊர். ஹஜ்ஜுக்குப் போவது ஊரில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் வாய்த்த காலத்தில், அங்கிருந்து வந்த சம்சம் தண்ணீருக்கும் பேரீச்சம்பழத்துக்கும் தஸ்பீஹுக்கும் இருந்த மதிப்பை நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வகுப்பில் விளக்க வேண்டியிருந்தது. உருத்திரா மாவத்தைப் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளை, தங்கள் வீட்டுச் சுவாமி அறையில் அப்பம்மா காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் செம்பு இருக்கிறது என்றும், அதை எல்லாரும் தொட முடியாது என்றும் சொன்னாள். பக்கத்திலிருந்த நம் பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்கு வேலை மிச்சம்.

இனி அந்தச் சால்வையைக் கதைக்குள் பின்தொடர வேண்டும். சிலம்பக் களம், பழைய பகை, ஊரின் முன்னால் காக்க வேண்டிய கௌரவம். சால்வை யாருடைய தோளில் கிடக்கிறது, எப்போது, யார் பார்த்துக்கொண்டிருக்கும்போது? இந்த மூன்று கேள்விகளோடு கதையை வாசிக்கும் பிள்ளைக்குக் கரு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. முடிவை இங்கே எழுதப் போவதுமில்லை. வாசிக்காதவர்கள் தொகுதியைத் தேடி எடுத்து வாசிக்கட்டும்.

நான் இப்போது செய்யும் பயிற்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் ஆசிரிய நண்பர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். தலைப்பை மறைத்துக் கதையைப் பிரதி எடுத்துக் கொடுப்பேன். வாசித்துவிட்டு ஆளுக்கொரு தலைப்பு வைக்க வேண்டும். அதைக் கதையில் வரும் யார் சொல்லக்கூடும் என்றும் எழுத வேண்டும். ரகுநாதன் கதைக்கு வந்தவற்றில் ‘வேஷம்’, ‘இரட்டை முகம்’ போன்றவை அதிகம். அவையெல்லாம் தீர்ப்புகள். பேசுபவர் நாம், வாசகர்கள். ஒரு மாணவி மட்டும் ‘வாசற்படி’ என்று வைத்திருந்தாள். யார் சொல்வது என்ற இடத்தில், “வெளியே நின்றவர்கள், திரும்பிப் போகும்போது” என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் வைத்த தலைப்பை வெளிப்படுத்தியதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து அரை மணித்தியாலம் சண்டை பிடித்தது. ‘வாசற்படி’ உண்மையை நேரே சொல்கிறது என்று ஒரு கட்சி. நேரே சொன்னால் அந்தப் பெரிய மனிதர் தப்பிவிடுவார், அவருடைய வார்த்தையாலேயே அவரைப் பிடிப்பதுதான் கெட்டித்தனம் என்று மற்றக் கட்சி. பாடவேளை முடிந்தும் முடியவில்லை. வீதியில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பேசிக்கொண்டே நின்றார்கள்.