தெரிந்து தெளிதல்: முன்பின் தெரியாதவரை நம்பலாமா?

"நேர்ல பார்த்தா நம்பலாம், இணையத்துல யாரையும் நம்பக் கூடாது." மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் முடிவு இது. துணைக்கு 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்திலிருந்து (51) ஒரு குறளையும் சேர்த்துவிடுவார்கள். அந்த அதிகாரம் அப்படியா சொல்கிறது?

இது அரசன் தன் பணிக்கு ஆள் தேர்வதைப் பற்றியது. வள்ளுவர் ஆராயச் சொல்வது எதிரே நிற்கும் ஆளைத்தான். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என நான்கு வகையில் சோதிக்கச் சொல்கிறது 501ஆம் குறள். அவரவர் செயலே உரைகல் என்கிறது 505. முகத்தைப் பார்த்து நம்பு என்று இந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை.

சிக்கல் 506இல் இருக்கிறது. சுற்றம் இல்லாதவரை நம்பாதே. பற்று இல்லாததால் பழிக்கு நாணமாட்டார் என்பது அதன் கருத்து. அப்படியே எடுத்துக்கொண்டால், தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் தனியாளாக வந்து இறங்கிய நம் முன்னோர் பலரையும் யாருமே நம்பியிருக்கக் கூடாது! விதியின் இந்தப் பகுதியை நாம் ஏற்க முடியாது. ஆனால், அது காட்டும் காரணம் இன்றைக்கும் கூர்மையானது: பழி வந்தால் இழப்பதற்கு இவரிடம் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். சந்தையில் மீன் விற்பவர் நாளையும் அதே இடத்தில் நிற்க வேண்டியவர். வீட்டு வாசலில் பொருள் விற்றுவிட்டுப் போகிறவர் திரும்பி வராமலே போகலாம். இணையத்திலும் இப்படித்தான். பல ஆண்டுகள் விற்று நற்பெயர் சேர்த்தவருக்கு இழக்க ஏதோ இருக்கிறது; நேற்றுக் கணக்குத் திறந்தவருக்கு ஒன்றுமில்லை. ஆக, கோடு திரைக்கும் முகத்துக்கும் நடுவில் இல்லை.

ஆராயவும் இன்று வழி உண்டு. மலேசியக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்க்கலாம். சிங்கப்பூரில் 1799க்கு அழைத்துக் கேட்கலாம். புகார் ஏதும் இல்லை என்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிட மாட்டார் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் துன்பம் என்று 510 முடிகிறது. எழுதுகிறவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். தேர்வுக் கட்டுரையில் குறளை மட்டும் எழுதினால் போதாது; அதன் காரணத்தையும் எழுதி, எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று காட்டுங்கள். அதுதான் கருத்துள்ள கட்டுரை.